வயிற்றில் பூஞ்சை, நெஞ்சில் படபடப்பு: நான் கற்ற பாடம்



சென்ற தவணையின் இறுதியில், தேர்ச்சி அறிக்கை பெற வந்த தாய் ஒருவர் மற்றவர்கள் எல்லாரும் போகும்வரை காத்திருந்தார். அவருடைய எட்டு வயது மகனுக்கு ஆட்டிசம் உண்டு. யாரோ ஒருவர் விற்ற ‘குடல் பூஞ்சை ஒழிப்பு’ மாவை மூன்று வாரமாகக் கரைத்துக் கொடுத்து வருவதாகவும், சோறும் பாலும் பழமும் நிறுத்திவிட்டதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். “பையன் ராத்திரியில தூங்க மாட்டேங்கிறான் டீச்சர். கை கால் நடுங்குது. கேட்டா, உள்ள பூஞ்சை சாகுது, அந்த நஞ்சு வெளியேறுற அறிகுறிதான், பொறுத்துக்குங்கன்னு சொல்றாங்க” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. ஏறத்தாழ அதே சொற்களை நம்பித்தான் நானும் ஒரு காலத்தில் ஒன்பது நாள்கள் நடுங்கிக்கொண்டு வகுப்பில் நின்றேன். அன்று அத்தாய்க்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். வேறு எவருக்கேனும் பயன்படக்கூடும்.

எனக்கு இனிப்புநீர் நோய் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. நம் நாட்டில் இது அரிய செய்தியன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிகுதி. சுங்கை பட்டாணியில் நான் பணியாற்றிய ஆசிரியர் அறையிலேயே பாதிப்பேரின் கைப்பைகளில் மாத்திரைப் பெட்டி இருந்தது. அரசாங்க சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து, கிளிக்லசைடு என்னும் மாத்திரையைக் காலையும் மாலையும் உட்கொண்டு வந்தேன். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து.

ஒருமுறை காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் போனதால் இரண்டு தடவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறியது. ஆனால், அதன் பிறகு வயிறு உப்பியது. உணவை விழுங்கும்போது நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிந்தது. வேறோர் ஊரிலிருந்த தனியார் மருத்துவமனையில் குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்து, உணவுக்குழாயில் தயிர்த் திப்பிபோல் வெண்படலம் படிந்திருப்பதைக் காட்டினார்கள். கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை.

இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து படையெடுத்து வரும் பகைவனன்று. நம்முள் பெரும்பாலோரின் வாயிலும் குடலிலும் சிறிதளவில் குடியிருப்பதுதான். குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் அதை அடக்கி வைக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அந்தக் காவலர்களையும் சேர்த்து அழிக்கும்போது அதற்கு இடம் கிடைக்கிறது. குருதியில் சர்க்கரை மிகுந்திருப்பதும், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதும் அதற்குத் துணை செய்கின்றன. எனக்கு இவற்றுள் இரண்டு காரணங்கள் இருந்தன. ஃபுளூகோனசோல் என்னும் மருந்தை நாள்தோறும் பதினான்கு நாள்கள் உட்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கே நான் செய்த முதல் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற படிவத்துக் கேள்விக்கு ‘இனிப்புநீர் மாத்திரை’ என்று மட்டும் எழுதினேன். பெயரை எழுதவில்லை. பெயர் எனக்கு நினைவிலும் இல்லை.

இரண்டாவது தவறு, மருந்தோடு நிற்காமல் நானே ஓர் உணவுக் கட்டுப்பாட்டையும் மேற்கொண்டது. சர்க்கரையும் மாவுப்பொருளும் பூஞ்சைக்கு உணவு என்று படித்திருந்தேன். எனவே சோறு, தோசை, ரொட்டி, பழம் அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்தினேன். காலையில் இரண்டு முட்டையும் சிறிது கீரையும், அவ்வளவுதான்.

மருந்து தொடங்கிய நான்காம் நாள் முற்பகல் பத்து மணியளவில் விரல்கள் நடுங்கத் தொடங்கின. நெஞ்சு படபடத்தது. குளிரூட்டி இல்லாத வகுப்பறையிலும் குளிர்ந்த வியர்வை வழிந்தது. காரணமில்லாத ஓர் அச்சம் அடிவயிற்றிலிருந்து எழுந்தது. அன்றிரவு மூன்று மணிக்குத் தலையணை நனைய விழித்தேன். மறுநாளும் அப்படியே. எளிதில் சினம் கொள்ளாத நான், எழுத்துப்பிழை செய்த ஒரு பிள்ளையை அழும்வரை கடிந்துகொண்டேன். இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

இதற்கு விளக்கம் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் ‘பூஞ்சை சாகும்போது நஞ்சு வெளியேறுகிறது; நரம்பு மண்டலம் கொந்தளிக்கிறது; நடுக்கம் மிகுந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்’ என்னும் கருத்து. துன்பத்தையே வெற்றியின் அடையாளமாக மாற்றிவிடும் விளக்கம் அது. நான் முழுமையாக நம்பினேன்.

அதை நம்புவதற்கு என் வளர்ப்பும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. பீடோங் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். விடியுமுன்பே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன என் அம்மா, காய்ச்சலோடும் நிரைக்குப் போவார். தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸர் கொடுக்கும் மருந்து கசந்தால்தான் நல்ல மருந்து. ஊசி வலித்தால்தான் நல்ல ஊசி. ‘தாங்கிக்கோ’ என்ற ஒரு சொல்லில்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தத் தாங்கும் ஆற்றல்தான் எங்களைப் படிக்க வைத்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும், எதைத் தாங்க வேண்டும், எதைத் தாங்கக் கூடாது என்பதை அது எங்களுக்குக் கற்றுத் தரவில்லை.

பன்னிரண்டாம் நாள் நான்காம் ஆண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிய சொல்லையே மறுபடியும் எழுதுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. நான் நாற்காலியைத் தேடி அமர்ந்தேன். நாக்குக் குழறியது. முதல் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் தன் நீர்ப்புட்டியைத் திறந்து நீட்டி, “டீச்சர், மைலோ. குடிங்க. காலையில சாப்பிடாம வந்தா எனக்கும் இப்படித்தான் இருக்கும்” என்றான். மறுக்கவும் வலுவின்றிக் குடித்தேன். பத்து நிமிடத்தில் கை நடுக்கம் நின்றது. கரும்பலகையில் இருந்த பிழை கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இனிப்பு பூஞ்சைக்குத் தீனி என்றால், அதைக் குடித்த பின் நடுக்கம் எப்படித் தணியும்? பூஞ்சை சாவதால் வரும் நடுக்கமானால் அது பத்து நிமிடத்தில் ஏன் மறைய வேண்டும்?

பள்ளி முடிந்ததும் சுகாதார நிலையத்துக்குச் சென்றேன். இம்முறை இரண்டு மருந்து அட்டைகளையும் கையில் எடுத்துச் சென்றேன். மருந்தகத்தில் இருந்த மலாய்ப் பெண்மணி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “சிக்கு, இவை இரண்டையும் சேர்த்தா சாப்பிடுகிறீர்கள்?” என்று மலாயில் கேட்டார். பிறகு எழுந்து வந்து என் விரலைப் பிடித்துப் பார்த்தார். அது அப்போதும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. உடனே குருதியைச் சோதிக்கச் செய்தார். சர்க்கரை அளவு 3.2. நான்கிற்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை என்று கொள்ள வேண்டும்.

அவரும் மருத்துவரும் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். நாம் உண்ணும் மருந்துகள் பலவற்றைக் கல்லீரலில் உள்ள நொதிகள் சிதைத்து வெளியேற்றுகின்றன. கிளிக்லசைடு மாத்திரையைப் பெரும்பாலும் சிதைப்பது ஒரு குறிப்பிட்ட நொதி. ஃபுளூகோனசோல் அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகிறது. அதனால் இனிப்புநீர் மாத்திரை உடலில் வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்கி, இன்சுலினைத் தொடர்ந்து சுரக்க வைக்கிறது. பூஞ்சை மருந்தும் உடலைவிட்டு மெல்லவே நீங்குவது. பாதியளவு வெளியேற ஏறத்தாழ முப்பது மணி நேரம் ஆகும். ஆகவே நாளுக்கு நாள் அது சேர்ந்துகொண்டே போனது. முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாமல் நான்காம் நாள் நடுக்கம் தொடங்கியது அதனால்தான். போதாக்குறைக்கு நானோ சோற்றையும் பழத்தையும் நிறுத்திவிட்டேன். மருந்து ஒருபுறம் சர்க்கரையை இறக்க, நான் மறுபுறம் அதன் வரவை அடைத்தேன்.

சர்க்கரை குறைந்தால் மூளை பட்டினி கிடக்கும். உடனே உடல் அட்ரினலின் என்னும் சுரப்பை அவசரமாக அனுப்புகிறது. நடுக்கம், படபடப்பு, வியர்வை, அச்சம் அனைத்தும் அதன் செயல்களே. அதையும் மீறிக் குறைந்தால் குழப்பமும் நாக்குழறலும் சினமும் வரும். இறுதியில் மயக்கமும் வலிப்பும் நேரலாம். என் நரம்பு மண்டலம் ஒன்பது நாள்களாக அபாய மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் அதை வெற்றி முரசு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் இனிப்புநீர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். எஞ்சிய பூஞ்சை மருந்தை முடிக்கச் சொன்னார். அது முடிந்த பிறகும் சில நாள்களுக்குச் சர்க்கரையைக் கவனிக்கச் சொன்னார். சோறு அளவோடு மீண்டும் தட்டுக்கு வந்தது. பூஞ்சையும் குணமாயிற்று.

பின்னர் ஆர்வம் மேலிட, அந்த ‘சாகும் கிருமியின் எதிர்வினை’ எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அதில் ஓர் உண்மை இருக்கிறது. 1895இல் அடோல்ஃப் யாரிஷ் என்னும் மருத்துவரும், 1902இல் பிராங்ஃபர்ட்டில் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் என்பவரும், மேகப்புண் நோயாளிகளுக்குப் பாதரச மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் புண்களின் கடுமையும் கூடுவதைக் கண்டு எழுதினார்கள். அவ்விருவர் பெயரையும் சேர்த்தே இன்றும் அந்த எதிர்வினை அழைக்கப்படுகிறது. செம்பனை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரக்கூடிய எலிக் காய்ச்சலிலும் மருந்து தொடங்கியதும் அது நிகழ்வதுண்டு. ஆனால், அது பெரும்பாலும் சுருள் வடிவக் கிருமிகளால் வரும் நோய்களில், மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் அடங்கிவிடுவது. வாரக்கணக்கில் நீள்வதன்று.

குடல் ஈஸ்ட்தான் களைப்பு, மனச்சோர்வு, மறதி அனைத்துக்கும் மூலம் என்னும் கருத்தை அமெரிக்காவில் டிரஸ், குரூக் என்னும் இரு மருத்துவர்கள் 1983இல் வெளிவந்த நூல்கள் வழியாகப் பரப்பினார்கள். 1990இல் அலபாமாவில் டிஸ்முக்ஸ் தலைமையிலான குழு இதை 42 பெண்களிடம் சோதித்தது. பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டினையும், மருந்தில்லாப் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பூஞ்சைத் தொற்று இருந்த இடத்தில் மருந்து பயன் தந்தது. ஆனால் உடற்சோர்வு, மனச்சோர்வு போன்றவற்றில் போலி மாத்திரையைவிட அது மேம்பட்டதாக இல்லை.

இதனால் குடலில் பூஞ்சை பெருகுவதே பொய் என்று ஆகிவிடாது. சதீஷ் ராவ் என்னும் குடல்நோய் வல்லுநரும் எர்டோகன் என்பவரும் 2015இல் எழுதிய ஆய்வுரையில், காரணம் புலப்படாத குடல் தொல்லை உடையவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிறுகுடலில் பூஞ்சை மிகுந்திருந்ததைச் சுட்டியுள்ளார்கள். ஆனால், அதை உறுதிசெய்யச் சிறுகுடல் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் குவளையில் எச்சிலைத் துப்பிப் பார்ப்பதாலோ, வினாப்பட்டியலுக்கு விடை எழுதுவதாலோ அதை அறிய முடியாது.

என் கதை இத்துடன் முடியவில்லை. சர்க்கரை சீரான பிறகும் முற்பகல் பத்து மணி ஆனால் நெஞ்சு படபடத்தது. குருதியைச் சோதித்தால் 6.8. உடலுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் நரம்புகள் அந்த நேரத்தையும், அந்த வகுப்பறையையும், கரும்பலகையின் முன் நின்ற அந்த நிலையையும் அச்சத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டன. மருத்துவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. குடலின் சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உண்டு என்றும், வேகஸ் என்னும் நரம்பு குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் செய்தி கொண்டுபோகிறது என்றும், நோயுற்ற வயிறு மனத்தைக் கலக்குவதும், கலங்கிய மனம் வயிற்றைப் பிசைவதும் இயல்பே என்றும் சொன்னார்.

அவர் கூறியபடி எளிய மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டேன். முதலாவது, படபடப்பு வந்தால் முதலில் அளந்து பார்ப்பது. அளவு நான்குக்கு மேல் இருந்தால் அச்சம் பாதி குறைந்துவிடும். இரண்டாவது, மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரத்தை நீட்டுவது. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவேன். பிள்ளைகள் அமைதி வாசிப்பில் இருக்கும்போது இதைச் செய்தால் யாருக்கும் தெரியாது. மூன்றாவது, ஒரு பயிற்சி ஏட்டில் நேரம், உணவு, மருந்து, சர்க்கரை அளவு, உடல்நிலை என ஐந்து பத்திகள் வரைந்து எழுதுவது. ஐந்தாறு வாரத்தில் படபடப்புப் பத்தி வெறுமையாயிற்று. முதல் வாரத்திலேயே அந்த ஏட்டைத் தொடங்கியிருந்தால், நடுக்கம் எப்போதும் உணவுக்கு முன்பே வருகிறது என்பது என் கண்ணில் பட்டிருக்கும்.

ஆசிரியர்களே, உங்கள் அறையில் இனிப்புநீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ காரணமின்றிச் சினந்தாலோ புண்பட்டுக்கொள்ளாதீர்கள்; சர்க்கரையைச் சோதியுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். குறைவாகவே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். புதிய மருந்து எதை வாங்கினாலும் பழைய மருந்துகளின் பெயர்களை எழுதிக் காட்டுங்கள். குருதி உறையாமைக்கான வார்ஃபரின் மருந்தோடும் ஃபுளூகோனசோல் சேர்ந்தால் இடர் உண்டு. அதே சமயம் எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அதில் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதன்று. அளவறிந்து உண்பதைப் பற்றியது. நோய் இன்னதென்றும் அது எதனால் வந்ததென்றும் முதலில் தெளிய வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தின் அறிவுரைதான். அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த நான், என் உடலுக்கு அதைப் பயன்படுத்தவில்லை.

அன்று அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொல்லி முடித்து, “பூஞ்சையை ஒழித்தால் ஆட்டிசம் குணமாகும் என்பதற்குச் சான்று இல்லையம்மா. அந்த மாவில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிள்ளையால் தன் வேதனையைச் சொல்லவும் முடியாது. அவனுக்காக நாம்தான் கேட்க வேண்டும்” என்றேன். அவர் அழுதார். “நல்லதுன்னு நெனச்சுத்தான் டீச்சர் குடுத்தேன்” என்றார். எனக்குத் தெரியாதா? மறுநாள் அந்த மாவுப் பொட்டலத்தோடு பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் அதை நிறுத்தச் சொன்னார். சோறும் பழமும் திரும்பின. பையன் இப்போது இரவில் தூங்குகிறானாம். ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குரிய பேச்சுப் பயிற்சிக்கும் செய்தொழில் பயிற்சிக்கும் பெயர் பதிந்திருக்கிறார்கள்.

என் அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “தாங்கிக்கோன்னு நான்தான சொல்லி வளத்தேன். வலிச்சா வாயத் தொறந்து சொல்லுன்னும் சேத்துச் சொல்லியிருக்கணும்” என்றார்.

நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுவோம்.